பழைய மாத்திரை, புதிய காய்ச்சல்: கொடுப்பதற்கு முன் கணக்குப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் காய்ச்சல் வருகிறது. காய்ச்சலோடு ஒரு மாத்திரைச் செய்தியும் வந்துவிடுகிறது. "புது மருந்து இல்லை, பல வருஷமாக வேறு நோய்க்குக் கொடுப்பதுதான், ஆய்வுக்கூடத்தில் வைரஸை அழித்துவிட்டது, முதல் நாளே போட்டால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்புகிறார்கள். மறுநாள் மருந்துக் கடையில் அந்த மாத்திரை இருப்பு இல்லை. கோவிட் காலத்தில் இதை நாடே பார்த்தது. டெங்கு பருவத்தில் சிறிய அளவில் வருடாவருடம் பார்க்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய மருந்தை வைரஸ் நோய்க்குத் திருப்பிப் பயன்படுத்தும் எண்ணத்தில் தவறே இல்லை. அது மருந்தியலின் நல்ல வழிகளில் ஒன்று. பக்கவிளைவுகள் முன்பே தெரியும், விலை குறைவு, நம் நாட்டிலேயே தயாராகிறது. எச்.ஐ.வி.க்கு வந்த முதல் மருந்தான சிடோவுடின், 1964இல் புற்றுநோய்க்கென்று உருவாக்கிக் கைவிடப்பட்ட ஒரு வேதிப்பொருள். 282 நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 பேரும் மருந்து எடுத்தவர்களில் ஒருவரும் இறந்திருந்தார்கள். 1987இல் அனுமதி கிடைத்தது. எண்ணம் அதே எண்ணம்தான். அங்கே சோதனை முதலில் வந்தது, விநியோகம் பிறகு வந்தது. நாம் கோவிட்டில் விநியோகத்தை முதலில் வைத்தோம். சோதனையைப் பெரும்பாலும் பிற நாடுகள் செய்து சொல்லக் கேட்டுக்கொண்டோம்.

ஆய்வுக்கூடச் செய்தியை எப்படி வாசிப்பது என்பதற்குப் புழுமருந்தான ஐவர்மெக்டின் நல்ல பாடம். 2020 ஏப்ரலில் மெல்பர்னிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. குரங்கின் சிறுநீரகச் செல்களில் கோவிட் வைரஸை வளர்த்து, 5 மைக்ரோமோலார் செறிவில் ஐவர்மெக்டின் சேர்த்தார்கள். 48 மணி நேரத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 5,000 மடங்கு குறைந்தது. செய்தியில் எல்லோரும் பிடித்துக்கொண்டது இந்த 5,000ஐ. பார்க்க வேண்டியது அந்த 5ஐ. ஐவர்மெக்டினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 875. அப்படியானால் 5 மைக்ரோமோலார் என்பது ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 4,400 நானோகிராம். வழக்கமான 12 மி.கி. மாத்திரை ஒன்றைப் போட்டால் ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு 50 நானோகிராமை ஒட்டித்தான் இருக்கும். கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுவிடும். செல்லுக்குள் போய் வேலை செய்யக்கூடியது இன்னும் சொற்பம். சரி, அளவைக் கூட்டலாமே என்றால், ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே வேளையில் 120 மி.கி. கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. அதிலும் சராசரி உச்சம் 250 நானோகிராம்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளந்து பார்த்திருந்தால் ஒரு மாலை நேரத்தில் தெரிந்திருக்கும் விஷயம் இது.

இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆய்வுக்கூடத்தில் வைரஸைப் பாதியாகக் குறைத்த செறிவு ஒன்று. நோயாளி பாதுகாப்பாக எடுக்கக்கூடிய அளவில் ரத்தத்தில் நிற்கும் செறிவு இன்னொன்று. இரண்டாவது, முதலாவதைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தால் மட்டும் மேலே போகலாம். சமமாக இருந்தாலே சந்தேகம்தான்; நூறில் ஒன்றாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். நுரையீரலில் மருந்து தேங்கும், அதனால் ரத்த அளவு முக்கியமில்லை என்று ஒரு வாதம் வரும். தேங்கலாம். அதையும் அளந்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

செறிவு பொருந்தினாலும் செல் பொருந்த வேண்டும். மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு நடந்தது இது. 2020 பிப்ரவரியில் வெளிவந்த சீன ஆய்வில் அது மிகக் குறைந்த செறிவிலேயே வைரஸைத் தடுத்தது. அங்கேயும் அதே குரங்குச் சிறுநீரகச் செல்தான். அந்தச் செல்லுக்குள் வைரஸ் நுழைவது, செல் தன்னுள் இழுத்துக்கொள்ளும் அமிலப் பைகள் வழியாக. குளோரோகுயின் அந்தப் பைகளின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும், வழி அடைபடும். மனித நுரையீரல் செல்லின் மேற்பரப்பில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி இருக்கிறது. அது வைரஸின் கூர்ப்புரதத்தை வெளியிலேயே வெட்டிவிடுவதால் வைரஸ் அமிலப் பைக்குள் போகாமலே உள்ளே வந்துவிடும். 2020 ஜூலையில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மனித நுரையீரல் செல்லில் சோதித்தபோது குளோரோகுயின் அசையவே இல்லை. இன்னொரு பொறியும் உண்டு. குளோரோகுயின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் போன்று ஒரு முனை கொழுப்பை நாடி, மறுமுனை நேர்மின் ஏற்றம் கொண்ட மருந்துகள் பல, செல்லுக்குள் கொழுப்பைத் தேங்கவைத்துச் செல்லின் இயல்பையே குலைத்துவிடுகின்றன. அப்போது வைரஸ் வளராது. அது மருந்து வைரஸை அடித்ததால் அல்ல, செல் நொந்துபோனதால். 2021இல் இதை விளக்கி வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு, ஆய்வுக்கூடத் தட்டில் ஜெயித்த பழைய மருந்துகளின் பட்டியல் வெகுவாகச் சுருங்கியது.

இந்த உண்மைகள் வருவதற்கு முன்பே மாத்திரை கைக்கு வந்துவிட்டது. 2020 மார்ச் 22 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பணிக்குழு, கோவிட் நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கு, நோய் வராமல் தடுக்க, குளோரோகுயினின் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பரிந்துரைத்தது: முதல் நாள் 400 மி.கி. இரண்டு வேளை, பிறகு வாரம் ஒரு முறை 400 மி.கி., 7 வாரம். நான்கு நாளில் அந்த மருந்தை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணைக்கு மாற்ற வேண்டி வந்தது. மக்கள் தாங்களே வாங்கிப் பதுக்க ஆரம்பித்திருந்தார்கள். லூபஸ் என்ற எதிர்ப்பாற்றல் கோளாறு, முடக்குவாதம் உள்ள நோயாளிகள் அந்த மாத்திரையை நம்பித்தான் நடமாடுகிறார்கள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. அந்த ஜூனில் அமெரிக்க, கனடிய ஆய்வு வெளியானது. தொற்றுள்ளவரோடு நெருங்கிப் பழகிய 821 பேரில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 11.8 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14.3 பேருக்கும் நோய் வந்தது. தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடு. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் மருத்துவமனை நோயாளிகளில் 28 நாளில் இறந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதம், எடுக்காதவர்களில் 25 சதவீதம்.

பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து வந்த முதல் ஆய்வை நம்பியே உலகம் இந்த மருந்தில் இறங்கியது. அதை ஒரு நிமிடம் கிட்டத்தில் பாருங்கள். மருந்து கொடுக்கப்பட்டவர்கள் 26 பேர். கணக்கில் காட்டப்பட்டவர்கள் 20 பேர். விடுபட்ட 6 பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார், ஒருவருக்குக் குமட்டல், ஒருவர் மருத்துவமனையை விட்டு வெளியேறினார். மோசமானவர்களை நீக்கிவிட்டு மிச்சமிருப்பவர்களின் மூக்கில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தால் எந்த மருந்தும் நன்றாகத்தான் தெரியும். அந்தக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது 2024 டிசம்பரில். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று குலுக்கிப் போடும் மருந்தாய்வில் ஒருவர் எந்தப் பக்கம் விழுந்தாரோ, அந்தப் பக்கத்திலேயே கடைசிவரை அவரை எண்ண வேண்டும். மருந்தை நிறுத்தினாலும், ஊரை விட்டுப் போனாலும், இறந்தாலும்.

அடுத்தது நாள். ஆரம்ப சிகிச்சை என்று சொல்கிறோம், எதிலிருந்து ஆரம்பம்? பரிசோதனை முடிவு வந்த தேதியிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து. தொண்டை கரகரத்தது ஞாயிறு, மாதிரி கொடுத்தது புதன், முடிவு வந்தது வெள்ளி என்றால் அன்றைக்கு ஐந்து நாள் கழிந்துவிட்டது. கோவிட்டில் வைரஸ் உச்சத்தில் இருப்பது அறிகுறி தொடங்கும் சமயத்தை ஒட்டித்தான். இரண்டாவது வாரத்தில் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் நம் உடலின் எதிர்வினை. அதனால் ஒரே நோயாளிக்கு இந்த வாரம் உதவுகிற மருந்து அடுத்த வாரம் உதவாது. சில சமயம் கெடுக்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இதற்கு அசைக்க முடியாத சான்று. அதுவும் பழைய மருந்துதான், தினம் 6 மி.கி., 10 நாள். ரெக்கவரி ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 17.8 சதவீதம் பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 14 சதவீதம். இந்த எண்கள் 2020 கோடையிலேயே கையில் இருந்தன. 2021இல் இரண்டாவது அலையில் ஆக்சிஜன் அளவு 98 காட்டியவருக்கும் மூன்றாம் நாளே ஸ்டீராய்டு மாத்திரை எழுதிய சீட்டுகள் சர்க்கரை நோயாளிகளின் வீடுகளில் கிடந்தன. கருப்புப் பூஞ்சை வார்டுகள் நிரம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதை வெற்றி என்று எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். ஃபேவிபிராவிர் ஜப்பானில் ஃபுளூவுக்கு அனுமதி பெற்ற மருந்து. 2020 ஜூனில் இங்கே லேசான, நடுத்தரக் கோவிட்டுக்கு அவசர அனுமதி கிடைத்தது. முதல் நாள் 1,800 மி.கி. இரு வேளை, அப்போது வந்த 200 மி.கி. மாத்திரையில் அன்றைக்கு மட்டும் 18. பிறகு தினம் 8. 14 நாள் முழுக்க என்றால் 122 மாத்திரை. தொடக்க விலை ஒன்றுக்கு 103 ரூபாய், ஆக 12,566 ரூபாய். இந்தியாவில் 150 பேரிடம் நடந்த ஆய்வில் வைரஸ் மறையும் நாள் 7இலிருந்து 5 ஆனது. அந்த வேறுபாடு புள்ளியியல் அளவுகோலைத் தாண்டவில்லை. மருத்துவமனைக்குப் போவதும் இறப்பும் குறைந்ததா என்பதைச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வு பெரிதல்ல. குடும்பத்தில் நாலு பேருக்கு வாங்கியவர்கள் நகையை அடகு வைத்துத்தான் வாங்கியிருப்பார்கள். அவர்கள் வாங்கியது பி.சி.ஆர். முடிவுக்கான ஒரு நம்பிக்கை.

சிறிய ஆய்வு ஏன் ஏமாற்றும் என்பதற்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் நோயாளிகளில் நூற்றுக்கு 6 பேர் மருத்துவமனைக்குப் போவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 50 பேர் என்றால் எதிர்பார்க்கக்கூடியது 3 பேர். மறுபக்கம் தற்செயலாக 1 வந்தால், "மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது" என்று தலைப்பு வரும். மன அழுத்த நோய் மருந்தான ஃபுளுவாக்ஸமினுக்கு 2020இல் அமெரிக்காவில் 152 பேரிடம் நடந்த முதல் ஆய்வில், மருந்து எடுத்த 80 பேரில் யாருக்கும் நோய் முற்றவில்லை, எடுக்காத 72இல் 6 பேருக்கு முற்றியது. பிறகு பிரேசிலில் நடந்த டுகெதர் ஆய்வில் 100 மி.கி. இரு வேளை, 10 நாள் கொடுத்து ஏறக்குறைய 1,500 பேரைக் கண்காணித்தார்கள். நோய் முற்றியதாக எண்ணப்பட்டவர்கள் 16 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தார்கள். ஆனால் அப்படி எண்ணப்பட்டவற்றுள் அவசரப் பிரிவில் 6 மணி நேரத்துக்கு மேல் இருந்ததும் ஒன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அளவுகோலைக் கேள்வி கேட்டு 2022 மேயில் அனுமதி மறுத்தது. பிறகு வந்த ஆக்டிவ்-6 ஆய்வில் 50 மி.கி.யிலும் பலன் இல்லை, 100 மி.கி.யிலும் இல்லை. ஆஸ்துமாவுக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் புடசொனைடும் இப்படித்தான். 146 பேர் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் பெரிய பலன் தெரிந்தது. பிரின்சிபிள் என்ற பெரிய ஆய்வில் குணமாவது ஏறக்குறைய 3 நாள் முந்தியது. மருத்துவமனைக்குப் போனவர்களும் இறந்தவர்களும் சேர்த்து 8.8க்குப் பதில் 6.8 சதவீதம் என்றாலும், முன்கூட்டியே வகுத்த வரம்பை அது எட்டவில்லை. பலன் பொய்யல்ல, சுருங்கிப்போனது.

ஐவர்மெக்டினுக்குத் திரும்பினால், பெரிய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பதிலைச் சொல்லிவிட்டன. பிரேசிலில் 1,358 பேர், கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், 3 நாள்: நோய் முற்றியவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16.3 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 14.7, தற்செயல் எல்லைக்குள். மலேசியாவில் 50 வயதைத் தாண்டிய 490 பேர்: மருந்து எடுத்தவர்களில் 21.6 சதவீதம் பேருக்கு நோய் கடுமையானது, எடுக்காதவர்களில் 17.3. அமெரிக்காவில் கிலோவுக்கு 600 மைக்ரோகிராமாக உயர்த்தி 6 நாள் கொடுத்தும் பலன் இல்லை. எகிப்திலிருந்து வந்த, மிகப் பெரிய பலன் காட்டிய முன்வெளியீடு (பிற நிபுணர்கள் சரிபார்க்கும் முன் இணையத்தில் வந்த கட்டுரை) தரவுக் குளறுபடிகளால் 2021 ஜூலையில் நீக்கப்பட்டது. சில நாடுகளின் ஆய்வுகளில் பலன் தெரிந்ததற்கு வேறொரு நியாயமான விளக்கமும் உண்டு. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழு அதிகம் உள்ள ஊர்களில், கோவிட்டுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் புழு உடல் முழுக்கப் பரவி உயிரையே எடுக்கலாம். ஐவர்மெக்டின் அதைத் தடுத்திருக்கும். அது புழுமருந்தின் பலன், வைரஸ்மருந்தின் பலன் அல்ல. இங்கே 2021 ஏப்ரல் தேசிய நெறிமுறையில் அது இருந்தது; மே மாதம் கோவா அரசு 18 வயது தாண்டிய எல்லோருக்கும் 12 மி.கி. வீதம் 5 நாள் என்று அறிவித்தது. செப்டம்பரில் தேசிய நெறிமுறையிலிருந்து எடுக்கப்பட்டது. இத்தனை பேர் விழுங்கிய பிறகும், யார் விழுங்கினார், யார் விழுங்கவில்லை, என்ன ஆனது என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒரு பதிவேடு கிடையாது. என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான்.

இன்னும் முடிவாகாத மருந்து ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின். மினசோட்டாவை மையமாகக் கொண்ட கோவிட்-அவுட் ஆய்வில் 30 முதல் 85 வயது வரையிலான, உடல் எடை கூடிய 1,323 பேர் சேர்ந்தார்கள். வயிறு தாங்க வேண்டும் என்பதற்காகப் படிப்படியாக ஏற்றினார்கள்: முதல் நாள் 500 மி.கி., இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை 500 இரு வேளை, பிறகு 14ஆம் நாள் வரை காலையில் 500, இரவில் 1,000. நோய் முற்றியதா என்று முன்கூட்டியே வகுத்த முதன்மை அளவுகோலில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27.4 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 23.6, தற்செயலை விலக்க அது போதவில்லை. ஆனால் அந்த அளவுகோலில் வீட்டு ஆக்சிமீட்டர் 93 அல்லது அதற்குக் கீழே ஒரு முறை காட்டினாலும் எண்ணிவிட்டார்கள். குளிர்ந்த விரல், மருதாணி, நகப்பூச்சு, மலிவான கருவி எல்லாம் அந்த எண்ணைப் புரட்டும். அதை விட்டுவிட்டு அவசர சிகிச்சை, மருத்துவமனை, இறப்பு மூன்றை மட்டும் எண்ணினால் 7.3 சதவீதத்துக்குப் பதில் 4.1. பத்து மாதம் கழித்து நீண்டகாலக் கோவிட் என்று மருத்துவர் சொன்னவர்கள் 10.4 சதவீதத்துக்குப் பதில் 6.3. வைரஸ் அளவும் குறைந்திருந்தது. ஆக்டிவ்-6 ஆய்விலோ அறிகுறிகள் சீக்கிரம் தீரவில்லை. ஆக, நம்பிக்கை தருகிறது, உறுதி தரவில்லை. இப்படிப்பட்ட மருந்துக்குத்தான் ஆய்வு வேண்டும். அதைச் செய்ய இந்தியாவைவிட நல்ல இடம் ஏது?

தாங்களாகவே போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சிறுநீரக வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனவர்களுக்கு மெட்ஃபார்மின் கூடவே கூடாது. வயிற்றுப்போக்கால் உடல் வறண்டிருக்கும்போதும் ஸ்கேனுக்குச் சாய ஊசி போடும்போதும் அதை நிறுத்தச் சொல்வது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கிவிடும் என்பதால். ஃபுளுவாக்ஸமின் கல்லீரலில் சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதியை முடக்கும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவருக்கு அதன் அளவு ரத்தத்தில் எகிறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும். தசைப்பிடிப்புக்கு எழுதும் டிசானிடினோடு சேரவே கூடாது. காலை ஃபில்டர் காபியின் காஃபீன்கூட மறுநாள்வரை உடலில் தங்கித் தூக்கத்தைக் கெடுக்கும். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அசித்ரோமைசினும் சேர்ந்தால் இதயத்தின் மின்னோட்ட இடைவெளி நீளும். வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்தவரிடம் அது ஆபத்து. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் இரண்டும் கோவிட்டில் வீட்டு நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை என்று பிரின்சிபிள் ஆய்வு 2021லேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் எந்தக் காய்ச்சல் பொட்டலத்திலும் அசித்ரோமைசின் இருக்கிறது.

டெங்குவில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்த ஊர் வியட்நாமின் ஹோ சி மின் நகரம். குளோரோகுயின், ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாடின், ஹெபடைடிஸ்-சிக்கென்று வந்த பாலபிராவிர் என்று ஒவ்வொன்றாகக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். சிங்கப்பூரில் செல்கோசிவிர் என்ற மருந்தைச் சோதித்தார்கள். எதிலும் நோயாளிக்குத் தெளிவான பலன் இல்லை. பாலபிராவிர் ஏன் தோற்றது என்று துருவியதில், அந்த மருந்து செல்லுக்குள் போய் உருமாறினால்தான் வேலை செய்யும், ஏற்கெனவே டெங்கு தொற்றிய ரத்தச் செல்கள் அதைச் சரியாக உருமாற்றுவதில்லை என்று தெரிந்தது. அடுத்த மருந்தைத் தேடுபவர் தொற்றிய செல்லில் சோதிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். பிரெட்னிசோலோன் ஆய்வில் 5 முதல் 20 வயது வரையிலான 225 பேருக்குக் காய்ச்சல் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தும் அதிர்ச்சி நிலையோ ரத்தக்கசிவோ குறையவில்லை. நம் தெருவோரக் கிளினிக்குகளில் காய்ச்சல் ஊசியோடு டெக்சாமெத்தசோன் கலந்து போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஊசி போட்ட அன்று காய்ச்சல் இறங்கும். டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் இறங்கிய பிறகுள்ள 24 முதல் 48 மணி நேரம்தான். வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், மயக்கம், சிறுநீர் குறைவது என்றால் உடனே மருத்துவமனை. அதுவரை பாரசிட்டமாலும் நீராகாரமும். குழந்தைக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணி நேர இடைவெளியில். டைக்குளோஃபினாக் ஊசி, இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். மருந்தைத் தயாராக வைப்பது போலவே சோதனையையும் தயாராக வையுங்கள். பிரிட்டனின் பிரின்சிபிள் ஆய்வு பெரிய மருத்துவமனைகளில் நடக்கவில்லை. குடும்ப மருத்துவர்கள் வழியாக நோயாளியைச் சேர்த்து, மருந்தை வீட்டுக்கு அனுப்பி, 28 நாள் தொலைபேசியிலும் இணையத்திலும் விசாரித்தார்கள். பலன் இல்லாத மருந்தை எடுத்துவிட்டு அடுத்ததை அதே சட்டகத்தில் வைத்தார்கள். வீட்டிலிருந்தே சிகிச்சை எடுப்பவர்களிடம் குலுக்கல் ஆய்வு நடத்துவது நமக்குப் புதிதா? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப்பேரை வீட்டிலும் பாதிப்பேரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் வைத்துச் சிகிச்சை கொடுத்தது. ஏழ்மையான வீட்டிலும் மருந்து அதே அளவு வேலை செய்யும், வீட்டார்க்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959இல் உலகத்துக்குச் சொன்னது. சானடோரியங்களின் காலம் முடிந்தது அதன் பிறகுதான். கோவிட்டிலும் ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் பிளாஸ்மா சிகிச்சையைச் சில மாதங்களில் சோதித்துப் பலன் இல்லை என்று துணிந்து சொன்னது. முடியாதது அல்ல.

நடைமுறை இப்படி இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் காய்ச்சல் புறநோயாளிப் பிரிவில், 50 வயது தாண்டியவர்களையும் சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் உள்ளவர்களையும் கேட்பது. சுவாச வைரஸ் என்றால் அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள். டெங்கு என்றால் 48 மணி நேரத்துக்குள், என்.எஸ்.1 பரிசோதனையோடு. யாருக்கு எந்த மருந்து என்பது மையக் கணினி சொல்ல வேண்டும். ஓ.பி. சீட்டு எண் ஒற்றைப்படை என்றால் மருந்து, இரட்டைப்படை என்றால் இல்லை என்று வைத்தால் சீட்டுக் கொடுப்பவருக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும்; இரக்கப்பட்டு மாற்றிவிடுவார். வெற்று மாத்திரை நிறம், அளவு, அட்டை, கசப்பு எல்லாவற்றிலும் நிஜ மாத்திரை மாதிரியே இருக்க வேண்டும். இதற்குத் தயாரிப்பாளரோடு மாதக்கணக்கில் முன்னதாகப் பேச வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் பட்டியலில் இதற்கென ஓர் இனம் சேர்த்தால் போதும். சேர்க்கும் அன்றே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பது. பெயர் கேட்டால் "வெள்ளை மாத்திரை" என்பார்கள். அட்டை பொய் சொல்லாது. 3, 7, 14, 28ஆம் நாள் தொலைபேசி. போனை எடுக்காதவர் வீட்டுக்குக் கிராம செவிலியர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் ஏற்கெனவே மெட்ஃபார்மினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பாதை போட்டாகிவிட்டது.

எத்தனை பேர்? மருத்துவமனைக்குப் போவது 6 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைவதை 80 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1,860 பேர். பத்தில் ஒருவர் தொடர்பை விட்டு நழுவுவார் என்று வைத்தால் 2,070. இரண்டு மருந்து, ஒரு வெற்று மாத்திரை என்றால் ஆறாயிரத்துச் சொச்சம். ஒரு பெரிய காய்ச்சல் பருவத்தில் சில மாவட்டங்களே தரக்கூடிய எண்ணிக்கை. ஏழைகளைச் சோதனை எலியாக்குவதா என்று கேட்பார்கள். 2021இல் ஒப்புதல் படிவம் இல்லாமல், கண்காணிப்பு இல்லாமல், எல்லோர் வாயிலும் போட்டது என்ன என்று அவர்களைத் திருப்பிக் கேட்பேன். இங்கே தமிழில் படிவம் இருக்கும், மறுக்கும் உரிமை இருக்கும், பாதிப்பு வந்தால் 2019 மருந்தாய்வு விதிகளின்படி சிகிச்சையும் இழப்பீடும் உண்டு, தீங்கு தெரிந்தால் பாதியில் நிறுத்தும் அதிகாரத்தோடு தனிக் கண்காணிப்புக் குழு இருக்கும். முதல் நோயாளி சேர்வதற்கு முன் இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் முதன்மை அளவுகோல் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறகு அதை மாற்றினால் எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் செய்திப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். "பழைய மருந்து வைரஸைக் கட்டுப்படுத்துகிறது" என்று செய்தி போடும்போது, சோதித்தது செல்லிலா மனிதரிலா, மனிதர் என்றால் எத்தனை பேர், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்களா, எண்ணியது பி.சி.ஆர். முடிவையா மருத்துவமனைச் சேர்க்கையையா என்ற விவரங்களை அந்தச் செய்திக்குள்ளேயே இரண்டு வரியில் போடுங்கள். மருந்துக் கடைக்காரர் அதைப் படிப்பார்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நெறிமுறைக் குழு அனுமதி, மாத்திரைத் தயாரிப்பு, செவிலியர் பயிற்சி, கணினி மென்பொருளின் ஒத்திகை எல்லாம் முடியக் குறைந்தது ஆறு மாதம் வேண்டும். பொது சுகாதாரத் துறையும் மருத்துவக் கல்வி இயக்ககமும் சேர்ந்து ஏப்ரலுக்குள் ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்தால்தான் அந்தப் பருவத்தின் முதல் காய்ச்சல் நோயாளியைச் சேர்க்க முடியும்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி